லோடிங் ஆகிறது, காத்திருக்கவும்

எங்கள் கம்பெனியில் "வாட்ச்மேன்" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் வாசலில் நிற்கிற நிஜ வாட்ச்மேன். இன்னொருவர் என் பக்கத்து மேஜைக்காரர். இவர் வீடியோ கேமில் வருகிற வாட்ச்மேன்களுக்கு மூளை எழுதுகிறவர். எந்தக் காவலாளி எந்தப் பக்கம் திரும்புவான், எவ்வளவு தூரம் அவன் கண்ணுக்குத் தெரியும், எந்தச் சத்தத்துக்கு "யாரது?" என்பான், எத்தனை நிமிடம் கழித்துக் கொட்டாவி விடுவான் என்பதெல்லாம் இவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த மாதமே இவருடைய சொந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. கூரியர்காரர்கள் சில சமயம் மூன்று மாடி ஏறி வந்து இவரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். இவரும் மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுப்பார்.

நான் ஒலிப் பிரிவு. கதவு கிறீச்சிடுவது, சாவிக்கொத்து குலுங்குவது, மரப்படியில் காலடி விழுவது எல்லாம் என் கைவேலை. காவலாளிகளின் இருமல் மட்டும் கைவேலை இல்லை. அது என் சொந்த இருமல்.

முதல் பாகத்தை ஆறு பேர் செய்தோம். "சத்தமில்லாமல்" என்று பெயர். ஒருவன் ஒரு பெரிய மாளிகைக்குள் புகுந்து, யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டும். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது, சண்டையும் கிடையாது. அலமாரிக்குள்ளோ மேஜைக்கடியிலோ பதுங்கி, காவலாளி நகரும்வரை மூச்சுக் காட்டாமல் காத்திருக்க வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான். இதை யார் வாங்குவார்கள் என்று எங்களுக்கே சந்தேகம். பிய்த்துக்கொண்டு ஓடியது.

அந்த விளையாட்டில் ஒரு காவலாளியின் தொப்பி தலையில் உட்காராமல் ஒரு விரற்கடை மேலே மிதக்கும். அதைக் கோளாறுப் பட்டியலில் சேர்த்து, "தீவிரம்: மிகக் குறைவு" என்று குறித்தோம். எங்கள் கம்பெனியில் அந்த முத்திரை விழுந்த கோளாறை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொப்பி இன்னும் மிதக்கிறது. இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் வேண்டியிருக்கும்.

விளையாட்டு ஓடியதுதான் வினையாகப் போயிற்று. ஆறு பேர் செய்தது ஏன் ஓடியது என்று கண்டுபிடிக்க நூற்றிருபது பேரை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் உட்காருவதற்கு இன்னும் மூன்று மாடி வந்தது. எல்லோரும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

வாட்ச்மேனுக்கு ஓர் அக்கா உண்டு. இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். வலது மணிக்கட்டில் நரம்பு பாதித்து, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க அரை நொடி தாமதமாகிறது என்று ஆனதும் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது போக வேண்டுமே என்று தம்பி வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தார். எதைப் போட்டாலும் அக்கா முதல் நிமிடத்திலேயே செத்துப்போவார். பொத்தானை அமுக்க அரை நொடி தாமதமானால் இந்த உலகத்தில் உயிர் மிஞ்சாது. தம்பி செய்த விளையாட்டில் மட்டும்தான் அவர் சாகவில்லை. ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டு முடித்தார். ஒரு தடவைகூட எந்தக் காவலாளியிடமும் மாட்டவில்லை. செய்த ஆறு பேரில் யாரும் அப்படி முடித்ததில்லை. மூளை எழுதியவரே நாலைந்து தடவை மாட்டியிருக்கிறார்.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா போன் செய்தார்.

"டேய், இதுல ஓட விட்றாதீங்கடா. ஓடுற விளையாட்டு ஆயிரம் இருக்கு. நான் உக்காந்து விளையாடுறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. ஒரு ரூமாவது எனக்கு மிச்சம் வையி."

"கவலைப்படாதக்கா. நான் பாத்துக்கறேன்."

இந்த "நான் பாத்துக்கறேன்" அவரை என்ன பாடு படுத்தியது என்பதுதான் மீதிக் கதை.

இரண்டாம் பாகத்துக்குப் பெயர் வைக்கவே நான்கு கூட்டம் நடந்தது. கடைசியில் வைத்த பெயர், "சத்தமில்லாமல் 2: பெருமுழக்கம்."

ஒவ்வொரு புதன்கிழமையும் ஒப்புதல் கூட்டம் என்று ஒன்று நடக்கும். நீள மேஜைக்குப் பின்னால் கம்பெனி இயக்குநர், ஆய்வுப் பிரிவுத் தலைவி உட்பட ஏழு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகள். விளையாட்டில் புதிதாக எது வந்தாலும், அதைச் செய்தவர் அவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். பிறகு அட்டை தூக்குவார்கள். சிவப்பு தூக்கினால் சக அதிகாரியின் மனம் புண்படும். பச்சை தூக்கினால் நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்க வேண்டும். அதனால் ஏழு பேரும் எப்போதும் மஞ்சள்தான். ஏழு மஞ்சள் விழுந்தால் ஒப்புதல் கிடைத்தது என்று நாங்களாகப் புரிந்துகொண்டு வேலை செய்தோம்.

முதலில் விளம்பரப் பிரிவுக்காரர் வந்தார். போஸ்டரை மேஜையில் விரித்தார். முழுக்கக் கறுப்பு.

"இதுல ஹீரோ எங்கய்யா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"இருட்டுல இருக்கான் சார்," என்றார் வாட்ச்மேன். "ஒளிஞ்சிருக்கறவன்."

"ஒளியட்டும், வேண்டாங்கல. தெரியற மாதிரி ஒளியட்டும்."

ஏழு மஞ்சள். ஹீரோவுக்குச் சிவப்புக் கோட்டு வந்தது. அடுத்த புதன்கிழமை கோட்டின் ஓரம் மினுமினுக்க ஆரம்பித்தது. இப்போது ஹீரோ எங்கே பதுங்கினாலும் அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தான். காவலாளிகள் அவனை உடனே பிடித்தார்கள். விளையாடிப் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். உடனே வாட்ச்மேனுக்கு உத்தரவு வந்தது, காவலாளிகளுக்குச் சிவப்பு நிறம் தெரியக் கூடாது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்படி எழுதிய காவலாளிகளுக்கு, அவரே தன் கையால் கண்ணைக் கட்டிவிட்டார். சிவப்புக் கோட்டுக்காரன் காவலாளியின் மூக்குக்கு எதிரே நின்றான். காவலாளி சுவரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தான். விளையாடிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதற்காகக் "காவலாளிகள் கண்ணியக் குழு" என்று ஒன்று அமைக்கப்பட்டது. காவலாளிகள் முட்டாள்களாகத் தெரியக் கூடாது, பார்க்காமல் போனதற்கு அவர்கள் ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. "ஏதோ சிவப்பா மின்னுச்சே... சரி, நமக்கெதுக்கு" என்ற வசனத்தைப் பதினெட்டு விதமாக என் வாயால் பேசிப் பதிவு செய்தேன். இன்றும் வீட்டில் எதையாவது கேட்டால் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

இதெல்லாம் போகட்டும். அக்காவின் வயிற்றில் அடித்தது எட்டு நொடி விதி.

ஆய்வுப் பிரிவுத் தலைவி கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கண்ணாடி அறையில் முப்பது பேரை உட்கார வைத்து முதல் பாகத்தை விளையாட விட்டு, மூன்று வாரம் வெளியிலிருந்து பார்த்தார். அதில் ஓர் ஆள், அலமாரிக்குள் பதுங்கியிருக்கும்போது எட்டாவது நொடியில் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவருக்குத் தாகம் எடுத்திருக்கலாம். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது, எடுத்துக் குடிக்கவும் செய்தார். ஆனால் ஆய்வில் தாகத்துக்கு என்று கட்டம் இல்லை.

"மனுஷ மனசு எட்டு நொடிக்கு மேல தாங்காதுங்கறது நிரூபணமாயிடுச்சு," என்று தலைவி அறிவித்தார். "இனிமே ஆட்டத்துல எந்த இடத்துலயும் எட்டு நொடிக்கு ஒரு தரம் ஏதாவது நடக்கணும். ஒண்ணும் நடக்காம இருக்கறது வாடிக்கையாளருக்கு நாம செய்யற துரோகம்."

"மேடம், ஒண்ணும் நடக்காம இருக்கறதுதான் இந்த விளையாட்டே," என்றார் வாட்ச்மேன்.

"அதத்தான் நாங்க சரி பண்றோம்."

அன்றிலிருந்து தலைவி அறை அறையாக ஸ்டாப்வாட்சுடன் நடந்தார். அலமாரிக்குள் ஒளிந்தால் எட்டாவது நொடியில் எலி வந்தது. பதினாறாவது நொடியில் மேலிருந்து சூட்கேஸ் விழுந்தது. இருபத்து நாலாவது நொடியில் அலமாரியே வெடித்தது. ஒவ்வொன்றிலிருந்தும் தப்பிக்க ஒரு பொத்தானைச் சட்டென்று அமுக்க வேண்டும். அரை நொடி தாமதமானால் போச்சு. முதல் பாகத்தில் அக்கா உட்கார்ந்திருந்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்தன. மாளிகைக்கும் தோட்டத்துக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் துரத்தலும் வந்து சேர்ந்தது. வாட்ச்மேன் மதியம் சாப்பிடாமல் அந்தத் துரத்தலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஒரு நாள் கண்டேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் தனியாக ஓர் அறை செய்து வைத்திருந்தார். சின்ன அறை, ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. அதன் பின்னால் நாம் ஒளிந்திருப்போம். ஒரு வயதான காவலாளி வந்து முக்காலியில் உட்காருவார். இருமுவார். பூட்ஸைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டு தனக்குத்தானே பேசுவார். ஆபீசில் கொடுத்த பூட்ஸ் ஓர் அளவு சின்னது. மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று தடவையும் அதே அளவில் புது பூட்ஸ் வந்தது. வேறொன்றும் நடக்காது. சரியாகப் பதினோராவது நிமிடம் அவர் தூங்கிவிடுவார். அப்போது மெல்ல வந்து அவர் சட்டைப் பையிலிருக்கும் கடிதத்தை எடுக்கலாம். காத்திருக்கப் பிடிக்காதவர்கள் எப்போது வேண்டுமானாலும் பின்கதவு வழியாகப் போய்விடலாம்.

காவலாளியின் குரலும் நான்தான். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகப் பேசியது அந்தப் பதினோரு நிமிடம்தான் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த அறையை வாட்ச்மேன் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். ஆறு மஞ்சள். தலைவி சிவப்பைத் தூக்கினார். கம்பெனி வரலாற்றில் முதல் சிவப்பு. அந்த அட்டையை எந்த வருடம் அச்சடித்தார்கள் என்று பின்பக்கம் போட்டிருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அறுநூத்தி அறுபது நொடி!" என்றார் தலைவி. "அறுநூத்தி அறுபது நொடி அந்த ஆளு பூட்ஸைப் பத்திப் பேசறார்!"

அறை ரத்து.

வாட்ச்மேன் திரும்பி வந்து உட்கார்ந்தார். எட்டு நொடி விதியின் நாற்பது பக்கக் கையேட்டை எடுத்து முதலிலிருந்து படித்தார். அந்தக் கையேட்டைப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். முப்பத்தேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக ஒரு வரி இருந்தது. "ஆட்டம் லோடிங் ஆகும் நேரம் ஆட்டநேரமாகக் கருதப்படாது."

லோடிங் என்றால், ஆட்டத்தின் அடுத்த இடம் திரைக்கு வந்து சேரும்வரை காத்திருக்கிற நேரம். அவர் அந்த வரியை என்னிடம் காட்டினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தை இழுத்தார்.

அடுத்த புதன்கிழமை ஒரு விண்ணப்பம் போனது. பொருள்: மாளிகைக்கும் தோட்டத்துக்கும் இடையிலான லோடிங் திரை. விவரம்: திரைச்சீலைப் படம், பின்னணியில் ஒருவர் பேச்சு. நிகழ்வு அட்டவணை: பொருந்தாது. படத்தின் அடியில் "லோடிங் ஆகிறது, காத்திருக்கவும்" என்ற எழுத்து. ஏழு பேரும் அரை நிமிடத்தில் மஞ்சள் தூக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளின் நிறத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

நிஜத்தில் தோட்டம் லோடாக மூன்று நொடி போதும். மற்றதெல்லாம் அக்காவுக்காக. ரத்தான அறை, பின்கதவு உட்பட, அப்படியே அந்த லோடிங் திரைக்குள் இருந்தது.

விளையாட்டு வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் இயக்குநர் பேசினார். நல்ல மனுஷர், பேச மட்டும் விடக் கூடாது.

"முதல் பாகத்தை மக்கள் ஏன் நேசிச்சாங்கன்னு ரெண்டு வருஷம் ஆராய்ஞ்சோம். அதுல இருந்த அத்தனையையும் மாத்திட்டோம். எதை விட்டுட்டோம்னு எங்களாலயே கண்டுபிடிக்க முடியல. அவ்வளவு கவனமா வேலை செஞ்சிருக்கோம்."

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

விமர்சகர்களின் மதிப்பெண் நூற்றுக்கு எண்பத்தைந்து வர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. எழுபத்தொன்று வந்தது. விமர்சகர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். காத்திருக்கவும் என்று திரையில் எழுதியிருந்ததால் காத்திருந்தார்கள். "சிவப்புக் கோட்டு அபாரம், மோட்டார் சைக்கிள் அட்டகாசம், லோடிங் பதினோரு நிமிடம், இது என்ன கொடுமை" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், "லோடிங்கின்போது ஒரு பெரியவர் பூட்ஸைப் பற்றிப் பேசுகிறார், அதை மட்டும் மூன்று தடவை கேட்டேன், ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நூற்றுக்கு அறுபது போட்டார்.

எழுபத்தொன்றுக்குக் காரணம் லோடிங்தான் என்று கம்பெனி கண்டுபிடித்தது. நூற்றிருபது பேருக்கும் அதில் ஒரு நிம்மதி. லோடிங்கை மூன்று நொடியாகக் குறைத்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. எழுத வேண்டியவர் வாட்ச்மேன். பத்து நாள் தவணை கேட்டார்.

அந்தப் பத்து நாளில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வினோதமான கடிதங்கள் வர ஆரம்பித்தன. "என் தம்பி வீட்டில் லோடிங் மெதுவாக ஆகிறது, என் வீட்டில் அவசரப்பட்டுப் பொத்தானை அமுக்கியதால் வேகமாக ஆகிவிட்டது, மறுபடி மெதுவாக்குவது எப்படி?" என்று ஒருவர் கேட்டார். "பெரியவருக்குச் சரியான அளவில் பூட்ஸ் அனுப்ப விரும்புகிறோம், முகவரி தரவும்" என்று ஒரு குடும்பமே கையெழுத்துப் போட்டு எழுதியது. இவற்றையெல்லாம் சேவைப் பிரிவு "லோடிங் தொடர்பான புகார்கள்" என்ற கோப்பில் சேர்த்தது. புகார் இரண்டாயிரத்தைத் தாண்டியதும் இயக்குநர் அரண்டுவிட்டார்.

தலைவி கணக்கெடுத்தார். உலகத்திலேயே ஒரே ஒருவர் மட்டும் லோடிங் திரையில் மொத்தம் அறுபத்து மூன்று மணி நேரம் சிக்கியிருந்தார்.

"அறுபத்து மூணு மணி நேரம்!" என்றார் இயக்குநர். "உயிரோட இருக்காங்களா?"

அவரை நேரில் வரவழைத்து, பூங்கொத்து கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, எங்கே சிக்குகிறது என்று பார்த்து, அன்றே திருத்தத்தை வெளியிடுவது என்று முடிவாயிற்று. கடிதம் போயிற்று. அதில் "அதிகபட்சமாகப் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்று விளித்திருந்தார்கள்.

புதன்கிழமை கூட்ட அறைக் கதவு திறந்தது. அக்கா வந்தார்.

வாட்ச்மேன் என் கையைப் பிடித்தார்.

இயக்குநர் எழுந்து பூங்கொத்தை நீட்டினார். "அம்மா, எங்கள மன்னிக்கணும்."

"எதுக்குங்க?"

"அறுபத்து மூணு மணி நேரம் காக்க வெச்சுட்டோமே."

"நீங்க எங்க வெச்சீங்க? நானால்ல உக்காந்தேன்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப்பு அதிகம் என்று தலைவி குறிப்பேட்டில் எழுதினார். "எங்க சிக்குதுன்னு விளையாடிக் காட்டுங்கம்மா. நாங்க நேரம் பாத்துக்கறோம்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். பெரிய திரையில் திரைச்சீலை அறை வந்தது. தலைவி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். எட்டு நொடி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பதினாறு நொடி ஆயிற்று. பெரியவர் வந்து முக்காலியில் உட்கார்ந்து இருமினார்.

"பாருங்க, ஒண்ணுமே..." என்று தலைவி ஆரம்பித்தார்.

"உஸ்," என்றார் அக்கா. "கேட்டுரும் அவருக்கு."

தலைவி வாயை மூடிக்கொண்டார். வேறு யாரும் அவரை அப்படி அடக்கியதில்லை.

பெரியவர் பூட்ஸைக் கழற்றினார். "மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன். மூணு தடவையும் பதில் வருது. உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டதுன்னு. கால் பரிசீலனைக்குள்ள நுழையலயே, என்ன பண்ண?" என்றார். ஏழு பேரில் யாரோ சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையில் தட்டினார். அப்புறம் யாரும் அசையவில்லை. அக்காவின் விரல்கள் பொத்தான்மேல் சும்மா இருந்தன. எங்கோ ஏசி ஓடுகிற சத்தம்கூட எனக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. பெரியவரின் தலை மெல்லச் சாய்ந்தது. அக்கா நிதானமாக வெளியே வந்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாகப் போனார்.

எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். தலைவி ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டி அது ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டார். இயக்குநர் மேஜைக்கடியில் தன் ஷூவைக் காலால் தேடினார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இது லோடிங் மாதிரி இல்லையே," என்றார் இயக்குநர்.

வாட்ச்மேன் எழுந்து நின்றார். "இல்ல சார். மூணு நொடில லோடாயிடும். மீதிய நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"டேய், உக்காருடா," என்றார் அக்கா.

"இவங்க உங்க அக்காவா?" தலைவிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அப்ப அந்த அறுபத்து மூணு மணி நேரமும் செல்லாது!"

"ஏம்மா செல்லாது? உக்காந்தது உக்காந்ததுதான?"

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "ஒரு அறையையே நூத்திருபது பேர் கண்ணுல படாம கொண்டுவந்துட்டியா? எத்தன கூட்டத்தத் தாண்டி?"

"பதினாலு, சார்."

"நாம என்ன விளையாட்டு செய்யறோம்?"

யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கடைசியில் நான் எழுந்து, "ஒளிஞ்சு போற விளையாட்டு சார்," என்றேன்.

இயக்குநர் வெகுநேரம் யோசித்தார். பிறகு பச்சை அட்டையை எடுத்துத் தூக்கினார். மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்துவிட்டு மஞ்சளைத் தூக்கினார்கள்.

இங்கே கதை முடிந்திருந்தால் வாட்ச்மேனும் அக்காவும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் எங்கள் கம்பெனிக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடிக்காததைவிட அது மோசம்.

ஒரே வாரத்தில் "நிதானப் பிரிவு" என்று ஒன்று தொடங்கினார்கள். அதற்கும் தலைவி, அதே தலைவிதான். நிதானமே எங்கள் உயிர்மூச்சு, அதை வாடிக்கையாளர்கள் தவறவிட அனுமதிக்க மாட்டோம் என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார். அடுத்த திருத்தம் வெளிவந்தது. திரைச்சீலை அறையில் பின்கதவைப் பூட்டியிருந்தார்கள். எல்லோரும் எட்டு நிமிடம் கட்டாயம் காத்திருக்க வேண்டும். திரையின் மேலே ஒரு கடிகாரம் எட்டிலிருந்து பின்னோக்கி ஓடும். நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு பெண்குரல், "நீங்கள் இப்போது நிதானத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று சொல்லும். எட்டு நிமிடம் முடிந்ததும் திரைச்சீலை தானாக விலகும்.

பெரியவர் தூங்குவது பதினோராவது நிமிடம். இதை வாட்ச்மேன் எழுத்தில் கொடுத்தார், நேரில் சொன்னார், மறுபடி எழுத்தில் கொடுத்தார். அவருடைய கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது என்று மூன்று தடவையும் பதில் வந்தது. எட்டு என்ற எண்மேல் கம்பெனிக்கு அப்படியொரு பாசம்.

திருத்தம் வெளிவந்த அன்று மத்தியானம் அக்கா போன் செய்தார். வாட்ச்மேன் ஸ்பீக்கரில் போட்டார். வழக்கமாக மறுமுனையிலிருந்து அதட்டல்தான் முதலில் வரும். அன்றைக்கு அதட்டல் இல்லை.

"மாட்டிக்கிட்டேன்டா," என்றார் அக்கா. "திரை அதுவா தொறந்துடுச்சு. அவரு முழிச்சிருக்காரு. என்னப் பாத்து 'யாரது'ன்னாரு. ஓடச் சொல்லுது. எங்க ஓடறது நான்?"

"யாரது" என்று கேட்டது என் குரல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பரவால்ல விடு," என்றார் அக்கா. "வர்றவங்க எல்லாருக்கும் புடிச்ச மாதிரி செய்யணும்ல. நல்லா இருந்துது, கொஞ்ச நாளு." வைத்துவிட்டார்.

வாட்ச்மேன் கணினிப் பக்கம் திரும்பினார். சாயங்காலம் வரைக்கும் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கிளம்பும் முன் கோளாறுப் பட்டியலைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். எட்டிப் பார்த்தேன்.

"கோளாறு எண் 4117. திரைச்சீலையின் இடது ஓரத்தை ஒட்டி நின்றால் கடிகாரமும் குரலும் மறைந்துவிடுகின்றன. திரை தானாக விலகுவதில்லை. பின்கதவு பூட்டிக்கொள்வதில்லை. தீவிரம்: மிகக் குறைவு."

"மிகக் குறைவு" வரிசையில், தொப்பி மிதக்கும் கோளாறுக்கு நேர் கீழே அது போய் உட்கார்ந்தது. எங்கள் கம்பெனியில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. "அக்காகிட்ட சொல்லிடுங்க," என்றேன். "சொன்னா நல்லா இருக்காது," என்றார்.

அடுத்த திருத்தம் போய் மூன்று வாரம் இருக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை எச்சில், அதனால் ஸ்பீக்கர்.

"டேய், பக்கத்துல ஆள் இருக்காங்களா?"

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "இல்லக்கா, சொல்லு."

"அந்த ரூம்ல திரைக்கு இடது ஓரமா ஒட்டி நின்னு பாத்தேன். கடியாரம் காணாமப் போயிடுச்சு. அந்தப் பொண்ணும் பேசல. எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம் போலடா. உங்காளுங்க எழுதினதுல எங்கயோ ஓட்ட விழுந்திருக்கு."

"அப்படியா?"

"அவரு தூங்கிட்டாரு. கடுதாசிய எடுத்துட்டேன்." குரலில் இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டிய மிடுக்கு திரும்ப வந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் புரையேறி இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுமுனை உஷாராயிற்று.

"யார்ரா அது, அவரு மாதிரியே இருமறது?"

"டிவிக்கா."

"சரி, கேட்டுக்க. ஓட்ட இருக்கறது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அடைச்சுடுவாங்க. நீயும் எதையாவது சரி பண்றேன்னு கிளம்பிடாத."

வாட்ச்மேன் போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எதையும் பாக்கலக்கா."